பிரேசில் பயணமும் நாம் கேட்க மறந்த கேள்வியும்



விடுமுறை என்றால் துபாய், மலேசியா, துருக்கி என்றிருந்த வசதி படைத்த நம் குடும்பங்களில் இப்போது தென் அமெரிக்காவைப் பற்றிய பேச்சும் எழுகிறது. பிரேசிலுக்குப் போக விரும்புகிறவர்கள் தயாரிக்கும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: ரியோவின் கடற்கரை, இகுவாசு அருவி, அமேசான் காடு. மார்க்கப் பற்றுள்ளவர்கள் அதனுடன் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்கிறார்கள்: "அங்கே ஹலால் உணவு கிடைக்குமா?" அதற்கு விடை கிடைத்துவிட்டால் பயணம் இஸ்லாமியப் பயணமாகிவிட்டது என்ற நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவைத்தான் நாம் இங்கே மறுக்கிறோம்.

அதற்கு முன், மறுமுனையில் நிற்பவர்களுக்கு ஒரு சொல். "கார்னிவல் ஆட்டம் நடக்கும் நாட்டில் முஸ்லிமுக்கு என்ன வேலை?" என்று அவர்கள் கேட்கிறார்கள். பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. அந்த ஏவலில், முஸ்லிம்கள் ஆளும் நாடுகளை மட்டும் பாருங்கள் என்ற வரம்பு இல்லை. ஆனால் ஹஜ் கடமையாகி இன்னும் நிறைவேற்றாதவரும், அடுத்தவரிடம் கடன்பட்டு அடைக்காதவரும் முதலில் அவற்றை முடிக்கட்டும். அருவி அங்கேயேதான் இருக்கும்.

இனி, போகிறவர்களிடம் வருவோம். பிரேசிலின் பரப்பு ஏறத்தாழ 85 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். தெற்கு எல்லையில் 270-க்கும் மேற்பட்ட பிரிவுகளாக விழுகிறது இகுவாசு. வடக்கே மனௌஸ் நகரருகே கறுத்த ரியோ நீக்ரோவும் மண்நிறச் சோலிமோயிஸும் பல கிலோமீட்டர் தூரம் கலக்காமல் அருகருகே ஓடுகின்றன. இந்தக் காட்சியைப் படமெடுத்து, குர்ஆன் கூறும் இரு கடல்கள் இவைதாம் என்று வாட்ஸ்அப்பில் பரப்புவோர் உண்டு. குர்ஆன் அங்கே பேசுவது இனிய நீரையும் உப்பு நீரையும் பற்றி; இவ்விரண்டுமோ நன்னீர் ஆறுகள். படைத்தவனின் வல்லமைக்குச் சான்று தேட நாம் தவறான செய்தியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

இந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் ஊர் ஒன்று உண்டு. அதுவே பாஹியா மாநிலத்தின் தலைநகர் சால்வடோர். அங்கே போகிறவர்களும் பெலோரின்யோ என்னும் பழைய பகுதியின் வண்ண வீடுகளுக்கு முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெலோரின்யோ என்றால் அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த கம்பம் என்று பொருள். அந்த அடிமைகளில் நம் சகோதரர்களும் இருந்தார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடிமைகளாகப் பிரேசிலுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் யொரூபா, ஹவ்ஸா இனங்களைச் சேர்ந்த முஸ்லிம்களைப் பாஹியாவில் 'மாலே' என்றழைத்தனர். பகலெல்லாம் பிறருக்கு உழைத்த அவர்கள், கிடைத்த நேரத்தில் ஒன்றுகூடித் தொழுதார்கள். மரப்பலகையில் எழுதிக் குர்ஆன் ஓதக் கற்றார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1835-ஆம் ஆண்டு ஜனவரி 24 இரவு, ரமளானின் இறுதிப் பத்தில், அவர்கள் தலைமையில் விடுதலைக்கான கிளர்ச்சி வெடித்தது. முன்கூட்டியே காட்டிக்கொடுக்கப்பட்டதால் விடிவதற்குள் அது ஒடுக்கப்பட்டது. 70-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பலர் சவுக்கடிக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளாயினர்.

அவர்களுடைய ஆசான்களுள் ஒருவர் பசிஃபிகோ லிகுடான் என்னும் முதியவர். எசமானன் பட்ட கடனுக்காக ஜப்தி செய்யப்பட்ட பொருளைப்போல அவர் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். மாணவர்கள் பணம் திரட்டி அவரை மீட்க முயன்றும் எசமானன் இசையவில்லை. கிளர்ச்சி நடந்த இரவில் அவர் சிறையிலேதான் இருந்தார். ஆயினும் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 1,200 சவுக்கடிகள். அன்று கைப்பற்றப்பட்ட அரபுத் தாள்கள் சில பாஹியாவின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. அவற்றில் குர்ஆனின் அத்தியாயங்கள் இருக்கின்றன. எழுதிப் பழகிய கைகளின் தடுமாற்றமும் இருக்கிறது.

இவற்றை அறிந்தபின் நம் பயணத் திட்டத்தைத் திரும்பப் பார்ப்போம். விமான நேரம், விடுதி, படகுச் சவாரி எல்லாம் நிமிடக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். அஸர் தொழுகை எங்கே என்று குறித்திருக்கிறோமா? "பயணத்தில் எல்லாம் முடியாது" என்று எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! சங்கிலியில் கிடந்தவர்களுக்கு முடிந்தது, கடவுச்சீட்டோடு போகிற நமக்கு ஏன் முடியவில்லை? இறைவன் பயணிக்கு கஸ்ர் என்னும் சலுகையைத் தந்திருக்கிறான். ஷாஃபிஈ மத்ஹபினருக்கு இரு வேளைகளைச் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. சலுகை தொழுவதற்காகத் தரப்பட்டதே அன்றி விடுவதற்காக அன்று.

"விடுமுறையில் பிள்ளைகளுக்குத் துயர வரலாறு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் மார்க்கத்தை வாப்பாவின் கண்டிப்பாகவும் மத்ரஸாவின் மனப்பாடமாகவும் மட்டுமே அறிந்து வளர்கிறார்கள். எல்லாம் பறிபோனபின்னும் ஒரு மனிதன் எதைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டான் என்பதை, அது நடந்த தெருவில் நின்று கேட்கும் பிள்ளைக்கு அதே மார்க்கம் வேறாகத் தெரியும். அருவியின் முன் எடுத்த படம் கைப்பேசியோடு போய்விடும், இது போகாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பட்டியலில் ஒன்றைக் குறைத்து, சால்வடோருக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். புறப்படுமுன் மாலேக்களின் வரலாற்றை வீட்டில் ஒன்றாக அமர்ந்து பேசுங்கள். விசாவோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும் குறைந்தது பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் தனிமைப்படுத்தப்படலாம். கிப்லா கவனம்: ஊரில் மேற்கு நோக்கித் தொழும் நாம் அங்கே கிழக்கு வடகிழக்காக நிற்க வேண்டும். உணவுக்கும் வழியுண்டு. உலகுக்கு ஹலால் கோழி அனுப்பும் நாடுகளில் பிரேசில் முன்னணியில் இருந்தாலும், அங்குள்ள உணவகங்களில் அதை அப்படியே நம்பிவிட இயலாது; ஃபெய்ஜோவாடா என்னும் கறுப்பு அவரைக் குழம்பில் பன்றி இறைச்சி சேரும். ஆனால் பாஹியாவில் தேங்காய்ப் பாலில் வேகும் மொகேக்கா மீன் குழம்பு நம் உம்மாமார்களின் ஆணத்துக்கு உறவுமுறை. இகுவாசு அருகிலுள்ள ஃபோஸ் நகரில் லெபனான் வழிவந்த முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். உமர் பின் கத்தாப் பள்ளிவாசலும் அங்கே உண்டு. ஜும்ஆ நாள் அங்கே அமையுமாறு திட்டமிடலாம்.

பெலோரின்யோவின் கற்கள் பதித்த தெருவில் நிற்கும்போது படமெடுக்கும் கையைச் சற்றுத் தாழ்த்தி, பெயர் தெரியாத அந்தச் சகோதரர்களுக்காக துஆ செய்யுங்கள். வல்ல அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. வசதியிலும் அவனை மறவாத உள்ளத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.