எண்ணுக்குச் சாதி தெரியாதாம்

ஊர் டோர்னமெண்டுகளில்கூட இப்போது கிரிக்ஹீரோஸ் போன்ற செயலிகளில் ஸ்கோர் ஏறுகிறது. பந்துக்குப் பந்து பதிவாகி சராசரி, ஸ்ட்ரைக் ரேட், எகானமி எல்லாம் தானாக வந்துவிடுகின்றன. எண்ணுக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். எண்ணை வைத்து அணி எடுப்பவருக்குத் தெரியுமே!

பல்வங்கர் பாலு, தலித் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் பம்பாயின் இந்துக்கள் அணி அவரைக் கடைசிவரை கேப்டனாக்கவில்லை. அதற்கு முன்பு புனேவில், வெள்ளையர்களுக்கு வலைப்பயிற்சியில் மணிக்கணக்கில் பந்துவீசியவர் கையில் மட்டையைக் கொடுத்ததில்லை. இந்துக்களோடு ஆடியபோது தேநீர் வெளியே, தனி மண்குவளையில். இதெல்லாம் எந்த ஸ்கோர் புத்தகத்தில் ஏறியது?

அதற்காகச் செயலியைத் தூக்கிப் போட வேண்டாம். யாருக்கு எத்தனை ஓவர் தரப்பட்டது, யார் எப்போதும் ஒன்பதாவதாகவே இறக்கப்படுகிறார், மூன்று விக்கெட் எடுத்த பையன் அடுத்த ஆட்டத்தில் ஏன் பதினோரு பேரில் இல்லை என்பதும் அதே பதிவில்தான் கிடக்கிறது. அவன் எந்தத் தெரு என்பது செயலிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஒரு சீசன் முழுக்க அடுக்கி, “திறமையைத்தான் பார்க்கிறோம்” என்பவர் முன் வையுங்கள். கிளப் கணக்கின் பாஸ்வேர்டு அவர் ஒருவர் கையில் மட்டும் இருந்தால், முதலில் அதைக் கேளுங்கள்.