பரீட்சை முடிஞ்சாச்சு... நீச்சல் தெரியுமா?

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று செங்கல்பட்டில் ஒரு பிளஸ் டூ மாணவன் செய்யும் காரியங்கள் இரண்டு. ஒன்று, பக்கத்தில் நிற்பவன் சட்டையில் இங்க் அடிப்பது. இரண்டு, அதே இங்க் சட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடிப்பது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காற்று மாறிவிடும். அப்புறம் என்ன, கடல்தான். முதலில் பேன்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டுவார்கள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்திக் கொண்டிருப்பார்கள். 'உங்கள்ல எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்?' என்று கேட்டால் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்ப்பான்.

லீவுக்குப் போடும் லிஸ்ட்டில் எல்லாம் இருக்கும். கம்ப்யூட்டர் கிளாஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ், டைப்ரைட்டிங், கிடார், ஜிம். பைக் லைசென்ஸும் இருக்கும் (அதற்கு 18 வயது ஆக வேண்டும், பிளஸ் டூ முடிப்பவனுக்குப் பெரும்பாலும் 17தான் என்பது அப்புறம்தான் ஞாபகம் வரும்). நீச்சல் மட்டும் இருக்காது. ஏரிகள் நிறைந்த மாவட்டம், ஊர் நுழைவிலேயே கொளவாய் ஏரி, தெற்கே பாலாறு, ஒரு மணி நேர பஸ் தூரத்தில் வங்காள விரிகுடா. இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு இதை எப்படி மறந்தோம் என்பது ஆச்சரியம்தான்.

லீவே எங்கே இருக்கிறது என்று சிலர் சண்டைக்கு வரலாம். நியாயமான சண்டை. 2006 வரை பொறியியல், மருத்துவம் என்றாலே தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ முடிந்த மறுநாளே அடுத்த புத்தகத்தைத் தூக்க வேண்டும். 2007 சேர்க்கையில் இருந்து அது போனது. 2017ல் நீட் வந்தது. ஆக, டாக்டர் கனவு உள்ள பிள்ளைக்கு நிஜமான லீவு கிடைத்தது நடுவில் ஒரு பத்து வருஷம்தான். இன்று நீட் எழுதுபவர்களுக்கு லீவு மே மாதம் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும்போதுதான் ஆரம்பிக்கிறது. இருக்கட்டும். நீச்சலுக்கு மூன்று மாதம் வேண்டாம். ஒழுங்காகப் போனால் இரண்டு மூன்று வாரத்தில் மிதக்கவும் ஐம்பது மீட்டர் போகவும் வந்துவிடும்.

இதில் விளையாட்டில்லை. இந்தியாவில் ஒரு வருஷத்தில் 30,000 பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே சொல்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் நடக்கும் சாவுகளை உள்ளூர்ப் பக்கத்தில் படிக்கும்போது, வயது 17, 18, 19 என்றே வரும். நண்பர்களோடு குளிக்கப் போனார், அலை இழுத்துச் சென்றது. அந்த ஒரே வாக்கியத்தில் செய்தி முடிந்துவிடும்.

'அலை இழுத்தது' என்பதே முழுதாகச் சரியில்லை. அலை கரைக்குத்தான் தள்ளுகிறது. அப்படித் தள்ளிக் கொண்டு வந்து கொட்டிய தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக வேண்டுமே? அது ஒரு குறுகலான வழியைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதிரி கடலுக்குள் ஓடும். மணல்திட்டுக்கு நடுவில் இருக்கும் பள்ளம், பாறைக்கும் கல்கரைக்கும் பக்கம், இங்கெல்லாம் இந்த இழுப்பு அதிகம். கொடுமை என்னவென்றால், பார்வைக்கு அந்த இடம்தான் அமைதியாக இருக்கும். சுற்றிலும் அலை உடைந்து நுரை பறக்க, அங்கே மட்டும் உடையாது. 'இங்க அலை கம்மிடா' என்று சரியாக அங்கேயே போய் இறங்குவார்கள்.

அதன் வேகம் சில சமயம் விநாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டரை உலக சாதனையாக நீந்திய சீன வீரர் பான் ஷான்லே எடுத்துக்கொண்ட நேரம் 46.40 விநாடி. அவருடைய வேகமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எதிர்த்து நீந்தினால் அவரே களைத்துப் போவார், நம்ம பையன் எம்மாத்திரம்? செய்ய வேண்டியது வேறு. பதறாமல் மிதக்க வேண்டும், இழுப்போடு சண்டை போடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போக வேண்டும், இழுப்பு விட்டதும் சாய்வாகக் கரைக்குத் திரும்ப வேண்டும். படிக்க சுலபம். மிதக்கவே தெரியாதவனுக்கு இதில் ஒரு வரிகூட உதவாது.

முந்தைய தலைமுறைக்கு இதெல்லாம் பாடமே இல்லை. கோடை லீவு என்றால் கிராமத்துப் பம்ப்செட் கிணறு. இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கை, பின்னாளில் பிளாஸ்டிக் கேன், மேலே மாமாவோ சித்தப்பாவோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு வாரம் தண்ணீர் குடித்தால் நீச்சல் வந்துவிடும். கிணறுகள் போயின, மனையாயின. பாலாற்றில் மணல் அள்ளிய குழிகள் இருக்கின்றன, அங்கே தயவுசெய்து கற்றுக்கொள்ளப் போக வேண்டாம்.

அந்தக் கிணற்றுப் பாடமும் பையன்களுக்குத்தான் நடந்தது. பெண்பிள்ளைகள் துணி துவைத்துவிட்டு வருவார்கள். அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது 2004 டிசம்பர் 26ல் தெரிந்தது. கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் இறந்த பெண்கள் ஆண்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2005ல் ஆக்ஸ்பாம் அறிக்கை சொன்னது. நீச்சலும் மரமேறலும் பெண்களுக்குச் சொல்லித்தரப்படாததும் ஒரு காரணம். லீவில் மகளுக்கு மெஹந்தி கிளாஸ் தேடும் அப்பாக்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. அவர்கள் நாட்டில் இன்று குழந்தைகள் நீச்சலுக்குப் பரீட்சை எழுதி, அதாவது நீந்தி, டிப்ளமோ வாங்குகிறார்கள். அதில் ஒரு பகுதியை உடுத்திய துணியோடு நீந்திக் காட்ட வேண்டும். தவறி விழுபவன் நீச்சல் உடையில் விழுவதில்லை அல்லவா! நம்ம ஊரில் பன்னிரண்டு வருஷம் படித்து ஆறு பேப்பர் எழுதியும் இந்த ஒன்று சிலபஸில் வரவில்லை. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அந்தக் கரையில் வளர்ந்த மீனவப் பிள்ளைகள் அலை மேல் நின்றுகொண்டு போகிறார்கள். முப்பது கிலோமீட்டர் உள்ளே இருப்பவனுக்கு மிதக்கத் தெரியாது. பள்ளிக்கு ஒரு குளம் கட்ட முடியாவிட்டால் போகட்டும், தாலுகாவுக்கு ஒன்றாவது கட்டி, ஏப்ரல் மே மாதங்களில் பிளஸ் டூ ஹால் டிக்கெட்டைக் காட்டினால் இலவசம் என்று அரசு அறிவிக்கலாம்.

இந்த வருஷம் அது நடக்காது. டூர் மட்டும் கண்டிப்பாக நடக்கும். ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் தரை மேலேதான் இருக்கின்றன, நாள் முழுக்கப் பார்க்கலாம். கால் நனைக்காமல் வர மாட்டோம் என்றால் முட்டி அளவோடு சரி. யாராவது ஒருத்தனை இழுத்துவிட்டால், நீச்சல் தெரியாத நண்பன் பின்னாலேயே குதிப்பதுதான் வழக்கமாக நடப்பது, ஒன்று இரண்டாவதும் அப்படித்தான். குதிக்காமல் எதையாவது வீச வேண்டும். அதனால் பஸ் ஏறும்போதே, செல்போன்களையும் பர்ஸ்களையும் வைத்துக்கொண்டு கரையில் நிற்கப் போகிறவன் யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவன் பையில் ஒரு நீளக் கயிறும், மூடி போட்ட ஐந்து லிட்டர் காலி கேனும் இருக்கட்டும்.