ஹிஸ்பானிய மாணவர்களின் கல்வி உதவித்தொகை: அமெரிக்காவில் மாறும் விதிகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் இன அடிப்படையிலான மாணவர் சேர்க்கை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29-இல் தீர்ப்பளித்தது. சேர்க்கை தொடர்பான அத்தீர்ப்பின் தாக்கம் இன்று கல்வி உதவித்தொகை வரை நீண்டுள்ளது.

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட ஹிஸ்பானிய மாணவர்களுக்கு மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 'ஹேசர்' உதவித்தொகையை வழங்கி வருகிறது. பெற்றோரில் ஒருவராவது ஹிஸ்பானியராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு எதிராக 2025 ஜனவரியில் வழக்குத் தொடரப்பட்டது. இதையடுத்து அந்நிபந்தனை கைவிடப்பட்டு, ஹிஸ்பானிய சமூகத்துக்கு ஆற்றிய பங்களிப்பு தகுதியாக்கப்பட்டது. எனவே, பெயரை மட்டும் நம்பாமல் ஆண்டுதோறும் விதிகளைப் படித்து விண்ணப்பிப்பது மாணவர்களுக்கு அவசியமாகிறது.

குடும்ப வருமானத்தைக் கணக்கில் கொண்டு மத்திய அரசு வழங்கும் 'பெல்' நிதியுதவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2024-25 கல்வியாண்டில் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். ஆனால், குடியேற்ற ஆவணங்கள் இல்லாத மாணவர்கள் அதைப் பெற முடியாது. சில மாகாணங்களின் உதவியும் தனியார் உதவித்தொகையுமே அவர்களுக்கு உள்ள வழிகள். தனியார் அறக்கட்டளைகள் வழக்குக்கு அஞ்சிப் பின்வாங்கினால், முதலில் பாதிக்கப்படுவோர் அவர்களே.