மண்ணில் புதைந்த தாலந்து

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்பெற்ற ஊர். இங்குள்ள சூளைகளில் களிமண் வெந்து, பொம்மையாகவும் பியூஸ் கட்டையாகவும் உருப்பெறுகிறது. துகளோடு துகள் இறுகப் பற்றும் குணமே களிமண்ணைப் பீங்கானுக்கு உகந்ததாக்குகிறது. பற்றிக்கொள்ளும் குணம் காய்கறித் தோட்டத்தில் வேறொரு வகையில் வெளிப்படுகிறது. அங்கே அது உழவர் குடும்பத்தின் கைப்பொருளையே கரைக்கிறது. அதைப் பற்றியே இம்மாதம் சிந்திப்போம்.

பயிர் வேரூன்றவும், பூக்கவும், மணி பிடிக்கவும் வேண்டியது மணிச்சத்து. விருத்தாசலம் வட்டாரத்துச் செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்பு. அந்த இரும்பும், அதனோடுள்ள அலுமினியமும் களிமண் துகள்களும் மணிச்சத்தைக் கண்டவுடன் பிடித்துக்கொள்கின்றன. 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் மூட்டையில் உள்ள மணிச்சத்து 8 கிலோதான். அதிலும் சிறு பகுதியே அந்தப் போகத்துப் பயிருக்குக் கிடைக்கிறது. மிகுதி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மறு ஆண்டும் கடன் வாங்கி மூட்டை இறக்குகிறோம். மண்ணில் சத்து இருக்கிறது. செடியோ பசியால் வாடுகிறது. இதுவன்றோ விந்தை!

இந்தப் பூட்டைத் திறக்கும் வழி சில செடிகளின் வேரிலேயே இருக்கிறது. ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அறிஞர்கள், 1990ஆம் ஆண்டு ஓர் உண்மையை வெளியிட்டனர். துவரையின் வேர் ஒருவகை அமிலத்தைக் கசிகிறது; அது இரும்பைப் பற்றி இழுத்து, இரும்பின் பிடியிலிருந்த மணிச்சத்தை விடுவிக்கிறது என்பதே அது. நம் முன்னோர் துவரையை ஊடுபயிராக விதைத்து வந்த வழக்கத்தின் நன்மைகளுள் இதுவும் ஒன்றென இன்று அறிகிறோம்.

வேருக்குத் துணையாக மண்ணில் வேர்ப்பூஞ்சைகளும் உண்டு. மணிச்சத்து மண்ணில் மிகச் சிறிதளவே நகரும். வேர் எட்டாத இடத்திலிருந்து அதைக் கொண்டுவந்து தருவது நூலினும் மெல்லிய இப்பூஞ்சை இழைகளே. ஆழ உழும்போதெல்லாம் இவ்விழைகள் அறுந்துபோகின்றன. ஆகவே உழாமல் பயிரிடும் முறையும் மூடுபயிரும் ஒன்றுக்கொன்று துணை எனலாம்.

முறை எளிது. காய்கறி நடுவதற்கு முன் சணப்பை, தட்டைப்பயறு, கொள்ளு போன்றவற்றை நெருக்கமாக விதைக்கவேண்டும். பூக்கத் தொடங்கும் பருவத்தில் தரையோடு அறுத்து, அங்கேயே பரப்பிவிடவேண்டும், வேரைப் பிடுங்கலாகாது. பின் களைக்கொத்தால் சிறு குழி பறித்துக் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளை நடலாம். தழை மட்கும்போது அதிலுள்ள மணிச்சத்து சிறுகச் சிறுக வெளிப்படும். மூடாக்கின் கீழ் ஈரம் நிற்பதால், மேல்மண்ணிலேயே வேர் அதை உண்ணும்.

எச்சரிக்கையாகச் சில சொல்லவேண்டும். தண்டு முற்றியபின் அறுத்தால், அதை மட்கச்செய்யும் நுண்ணுயிர்களே மணிச்சத்தைச் சில காலம் தமக்கென எடுத்துக்கொள்ளும். கோரை மலிந்த நிலத்தில் மூடாக்கு மட்டும் போதாது. முதலில் கோரையை ஒழிக்கவேண்டும். முட்டைக்கோசும் முள்ளங்கியும் வேர்ப்பூஞ்சையோடு உறவு கொள்வதில்லை. அவற்றுக்கு இப்பயன் குறைவே. தண்ணீர் பற்றாத ஆண்டில் மூடுபயிரே ஈரத்தைக் குடித்துவிடக்கூடும். எல்லாவற்றிற்கும் மேலாக, மூடுபயிர் மணிச்சத்தைப் படைப்பதில்லை; மண்ணில் உள்ளதைப் புழக்கத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே. சந்தைக்குப் போகும் ஒவ்வொரு கூடைக் காயோடும் சத்து வெளியேறுகிறது. அதைத் தொழு உரத்தாலும் வீட்டுக் குப்பையாலும் திருப்பித் தரவேண்டும். மண்ணைப் பரிசோதித்தபின், தேவையான அளவுக்கு மட்டும் உரம் வாங்குவதே விவேகம். முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் மாற்றாமல், முதலில் சில பாத்திகளில் செய்து பார்ப்பது நலம்.

நற்செய்தியில் ஓர் ஊழியன், தலைவர் தந்த தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தான். அது தொலைந்துபோகவில்லை, ஆயினும் எவருக்கும் பயன்படவில்லை. நம் நிலங்களிலும் அப்படியொரு செல்வம் புதைந்து கிடக்கிறது. அதற்காக நம் குடும்பங்கள் பட்ட கடனும் சிந்திய வியர்வையும் சிறிதல்ல. ஒரு பிடி சணப்பை விதையையும் சற்றுப் பொறுமையையும் செலவிட்டு அச்செல்வத்தை வெளிக்கொணர்ந்தால், பிள்ளைகளின் உணவும் செழிக்கும்; இறைவன் நம்மிடம் ஒப்படைத்த நிலத்துக்குக் கணக்குக் கொடுக்கவும் நம்மால் இயலும்.