மனுவுக்கு ஏன் பதில் வருவதில்லை?

வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் ஊர்களிலுள்ள வாலிபர்கள் நம்மிடம் கேட்பதெல்லாம், "இருபது இடத்துக்கு மனுப் போட்டோம், 'இல்லை' என்றுகூட ஒரு பதில் வரவில்லையே, ஏன்?" என்பதேயாகும். இதற்கு ஜோசியன் சொல்லும் காரணம் ஏழரைச் சனி. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காரணம் தலையெழுத்து. மேடையேறிப் புத்தி சொல்லும் கனவான்கள் சொல்லும் காரணம் திறமைக் குறைவு. இம்மூன்றும் மூன்று வாயிலிருந்து வந்தாலும், குற்றத்தை வேலை தேடுகிறவன் தலையிலேயே சுமத்துவதில் ஒன்றாகவே இருக்கின்றன.

முதலில் சனியைப் பார்ப்போம். 2022-ல் தமிழ்நாடு சர்வீஸ் கமிஷன் குரூப் 4 பரீட்சைக்கு அறிவித்த இடங்கள் 7,301. மனுப் போட்டவர்களோ 22 லட்சத்துக்கும் மேல். அதாவது ஒரு இடத்துக்கு 300 பேர். இதில் மீதி 299 பேரையும் ஒரே நாளில் சனி பிடித்துக்கொண்டது என்று சொல்ல எந்தப் பஞ்சாங்கத்துக்குத் துணிவுண்டு? அதுபோலவே, 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகளின் மீது 50 சதவீத வரி போட்டபோது, அந்நிய நாட்டு ஆர்டரை நம்பி நடக்கும் நமது ஷூ கம்பெனிகள் கலங்கி நின்றன. ஆர்டர் நிச்சயமில்லாத கம்பெனி புதிய ஆளை எடுக்குமா? வரி போட்டவன் வாஷிங்டனில் இருக்க, ஆம்பூரில் நவக்கிரகத்தைச் சுற்றி என்ன பிரயோஜனம்? எள் விளக்குக்கும் பரிகாரத்துக்கும் செலவழித்த காசு, வேலை தேடுகிறவன் பஸ் சார்ஜுக்காவது உதவியிருக்கும்.

நிற்க, இடம் காலியாயிருந்து, தகுதியும் சரியாயிருந்து, அப்போதும் பதில் வராமலிருப்பதற்கு என்ன காரணம்? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் என்ற இரு அறிஞர்கள், பத்திரிகைகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 மனுக்களை அனுப்பிப் பார்த்து, முடிவை 2007-ல் வெளியிட்டார்கள். படிப்பு ஒன்றுபோல், அனுபவம் ஒன்றுபோல், பெயர் மட்டும் வேறு. ஒன்றில் மேல்ஜாதிப் பெயர், ஒன்றில் தாழ்த்தப்பட்டவர் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். மேல்ஜாதிப் பெயருக்குக் கிடைத்த வாய்ப்பில் தாழ்த்தப்பட்டவர் பெயருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்கும், முஸ்லிம் பெயருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்குமே கிடைத்தது! ஆளைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை, வேலையைச் சோதிக்கவில்லை. பெயரைப் பார்த்தே தள்ளினார்கள் என்றால், இதற்குத் 'திறமை' என்று பெயர் வைப்பது எவ்வளவு பெரிய மோசடி!

ஜாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுத்தெறிய வேண்டுமென்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு சுயமரியாதை மாகாண மகாநாடு தீர்மானம் செய்தது வீண்பேச்சல்ல என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால், பெயரில் வால் இல்லையென்றதும் நமது நாட்டு ஜாதிப்புத்தி சும்மா இருந்துவிடவில்லை. "எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று கேட்கக் கற்றுக்கொண்டது. விலாசத்தில் 'காலனி' என்றிருந்தால் போதும், வேறு ஒன்றும் விசாரிக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைச் சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டசபையில் அறிவிக்க வேண்டி வந்ததும் இதனால்தானே? தகப்பன் டேனரியில் தோல் கழுவினால் அது தீட்டாம். அந்தத் தோலை விற்று வந்த பணம் மட்டும் எந்தக் கோயில் உண்டியலுக்கும் தீட்டில்லையாம். அவன் மகன் பி.காம். படித்துவிட்டு ஆபீஸ் வேலைக்கு மனுப் போட்டால் மட்டும் தோல் நாற்றம் வீசுகிறதாம்!

இனி சிபாரிசு என்பதைப் பார்ப்போம். கம்பெனிகளில் காலியாகும் இடம் பெரும்பாலும் வெளியே தெரிவதற்கு முன்பே நிரம்பிவிடுகின்றது. உள்ளே இருக்கும் சூப்பர்வைசர் தன் பந்துவுக்குச் சொல்லுகிறார். பந்து தன் தெருவுக்குச் சொல்லுகிறார். அந்தத் தெருவில் இல்லாதவன் மனு எழுதிக்கொண்டே இருக்கிறான். 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் ஸ்தாபனங்கள் காலியிடத்தை வேலைவாய்ப்பு ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 1959-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டுமென்று அது கட்டாயப்படுத்தவில்லை. சர்க்கார் உத்தியோகத்தில் நாம் வகுப்புரிமை கேட்டால் "திறமை போச்சே!" என்று மாரடிக்கும் கனவான்கள், தங்கள் கம்பெனியில் மைத்துனனை நாற்காலியில் உட்கார வைக்கும்போது திறமையைப் பற்றி வாய் திறப்பதுண்டா? என்று கேட்கின்றோம்.

இப்படியிருக்க, வேலை தேடுகிறவர் என்ன செய்ய வேண்டும்? உலகம் திருந்தும் வரை கைகட்டி உட்காரும்படி நாம் சொல்லவில்லை.

முதலாவது, ஒரே மனுவை நூறு பிரதி எடுத்து நூறு கம்பெனிக்கு அனுப்புவதை விட்டுவிட வேண்டும். "எந்த வேலையானாலும் செய்வேன்" என்பவனுக்கு எந்த வேலையும் கிடைப்பதில்லை. கட்டிங்கா, ஸ்டிச்சிங்கா, லாஸ்டிங்கா, கணக்கா, எந்த மிஷினில் எத்தனை வருஷம் என்று அந்த இடத்துக்குத் தேவையானதை முதல் இரண்டு வரியிலேயே எழுத வேண்டும்.

இரண்டாவது, செய்த வேலைக்குச் சாட்சி வேண்டும். பத்து வருஷம் ஷூவின் மேல்பாகம் தைத்த பெண்ணிடம் அனுபவத்துக்கு அத்தாட்சி கேட்டால் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஏனெனில் வீட்டில் வைத்து ஜோடிக்கு இவ்வளவென்று கூலி வாங்கினவருக்கு பி.எப். ஏது, ஈ.எஸ்.ஐ. ஏது? ஆகவே, கம்பெனிக்குள் இருக்கும்போதே பி.எப். நெம்பர், சம்பளச் சீட்டு, சர்வீஸ் கடிதம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அது பிச்சையல்ல, உரிமை.

மூன்றாவது, மனுப் போட்டுப் பத்து நாளில் பதில் இல்லையென்றால் நேரில் போயோ, போனிலோ கேளுங்கள். கேட்பதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. வேலைக்கு முன்பணம் கேட்பவனிடம் மட்டும் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள். அவன் விற்பது வேலையல்ல, உங்கள் ஆசையை.

நான்காவதாகச் சொல்லுவதே முக்கியமானது. உள்ளே வேலையிலிருக்கும் தோழர்களே! ஒரு இடம் காலியானால் அந்தச் செய்தியை உங்கள் ஜாதிக்காரன் காதில் மட்டும் ஓதாதீர்கள். உங்கள் ஊர் வாசகசாலைப் பலகையில் எல்லோரும் பார்க்க எழுதிப் போடுங்கள். தொழிலாளர் சங்கத்தில் சொல்லுங்கள். தெருவுக்குள் சுற்றும் செய்தி ஊருக்குப் பொதுவானால், சிபாரிசின் பல் பாதி விழுந்துவிடும். தன் தெருவானுக்கு மட்டும் சொல்லுகிறவர், நாளைத் தன் மகன் வேறு ஊரில் தெருப் பெயரால் தள்ளப்படும்போது யாரை நோவார்?

மீதிப் பாதிப் பல்லைச் சட்டந்தான் பிடுங்க வேண்டும். சர்க்கார் நிலமும், சர்க்கார் மின்சாரமும், சர்க்கார் சலுகையும் வாங்கும் கம்பெனிகள், எத்தனை மனு வந்தது, யாரை எடுத்தோம், எந்தெந்த வகுப்பிலிருந்து எடுத்தோம் என்று வருஷா வருஷம் வெளியிட வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும். கணக்கைக் காட்டப் பயப்படுகிறவன் கணக்கில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?