வாயைக் கட்டியது யார்?

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாதிருந்தார். திருச்செந்தூர் முருகன் அருளால் ஒரே நாளில் கவி பாடினார் என்று ஒரு கதை உண்டு. நம்புவோர் நம்பட்டும். அவர்களை நான் கேட்பது ஒன்றுதான். ஐந்து வயதில் கலகலவெனப் பேசிக்கொண்டு பள்ளிக்கு வந்த சேரிச் சிறுவர், பத்து வயதில் ஊமையராய் ஒடுங்கிப் போகின்றனரே, அவர்தம் வாயைக் கட்டிய தெய்வம் எது?

நான் ஆசிரியன். பகலெல்லாம் வகுப்பின் கடைசி வரிசையில் தலைகவிழ்ந்து அமரும் ஒரு சிறுமியை அறிவேன். அதே சிறுமியை மாலையில் அவள் தெருவிலே கண்டேன். அத்தெருவின் படித்த இளைஞர்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் நடத்தும் வகுப்பு அது. அங்கே பாடத்தை ஆசிரியர் அறிவிப்பதில்லை. பிள்ளைகள் கேட்கும் கேள்வியே அன்றைய பாடம். அவள் எழுந்தாள். "எங்கம்மா நடவு நடுற வயலுக்கெல்லாம் வாய்க்கால் இருக்கு. எங்க தெருக் குழாயிலே மட்டும் ஏன் தண்ணி வரமாட்டேங்கு?" என்று கேட்டாள்.

கேள்வியா அது? கணை! மறுநாள் பிள்ளைகள் வாய்க்கால் கரையோடு நடந்தனர். மடைகளை எண்ணினர், தூரத்தைக் காலடியால் அளந்தனர். ஸ்ரீவைகுண்டம் அணை 1870-களில் கட்டப்பட்டது என்பதை அறிந்தனர். அத்தனை ஆண்டுகளாய் ஆறு கட்டுண்டு நிற்க, தங்கள் தெரு தாகத்தோடு நிற்பது ஏன் என்று மனு எழுதினர். கணக்கும் வரலாறும் தமிழும் ஒரே கேள்வியில் அடங்கின. மனுவுக்கு விடை வரவில்லை. ஆனால் ஊமை பேசிவிட்டாள்!

இதைக் கண்டு முகம் சுளிப்போர் உளர். "பாடத்தைப் பிள்ளைகளா முடிவு செய்வது? அடக்கம் கெடாதா?" என்கிறார் ஒருவர். "சேரிக்கெனத் தனி வகுப்பா? பிரிவினை வளராதா?" என்று கண்ணீர் வடிக்கிறார் மற்றொருவர்.

பிரிவினை! யார் வாயிலிருந்து வருகிறது இச்சொல்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவரே ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை வீடு புகுந்து வெட்டினர். 2025 மார்ச்சில், நம் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்திலே, தேர்வெழுதப் பேருந்தில் சென்ற மாணவன் வெட்டுண்டான். நாங்குநேரிக் கொடுமைக்குப்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி ஒழிக, மாணவர் கையில் வண்ணக் கயிறு ஒழிக என்றது. கயிறு கட்டியவனைக் கண்டு கலங்காத கண்கள், திண்ணை வகுப்பைக் கண்டு கலங்குகின்றன! பிரித்து வைத்தவன் ஒற்றுமை பேசுவதும், பிரிக்கப்பட்டவன் கூடிப் படித்தால் குற்றம் என்பதும் எந்த ஊர் நீதி?

ஆயினும் தோழர்களே, மாற்றுக் கல்வி என்ற பெயர் கேட்டதும் மயங்கிவிடுவோர் அல்லோம் நாம். இதே தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில், 1922-இல் வ.வே.சு. ஐயர் குருகுலம் கண்டார். ஆங்கிலக் கல்விக்கு மாற்று என்றார். தேசியக் கல்வி என்றார். காங்கிரசின் நிதியும் பெற்றார். ஆனால் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி! மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி! பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்தெழுந்தனர், நாடே கொந்தளித்தது. 1953-இல் இராசகோபாலாச்சாரியாரும் ஒரு புதுமை கண்டார். பாதிநேரம் பள்ளி, மீதிநேரம் தகப்பன் தொழில். செருப்புத் தைப்பவன் மகனுக்குச் செருப்பு, சிரைப்பவன் மகனுக்குக் கத்தி! அந்தக் குலக்கல்வியை மக்கள் எதிர்ப்பு முறியடித்தது. 1954-இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது.

ஆகவே எந்தப் பள்ளியையும் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்ப்போம். நடத்துவோர் யார்? பந்தி ஒன்றா? வாய் திறப்பது யார்? குருகுலம் இரண்டாவதில் தோற்றது. குலக்கல்வி மூன்றிலுமே தோற்றது. அது பிள்ளையைக் கேட்கவில்லை, பிறப்பைக் கேட்டது. திண்ணை வகுப்போ மூன்றிலும் வெல்கிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1964 கோடையில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பின மக்கள் தேவாலயங்களிலும் மரத்தடியிலும் சுமார் 40 விடுதலைப் பள்ளிகளைத் திறந்தனர். 2000-க்கு மேற்பட்டோர் பயின்றனர். கேள்வி கேட்பதே அங்கே பாடமுறை. மாணவர் தாமே செய்தித்தாள் நடத்தினர். அந்த ஆகஸ்டில் மெரிடியன் நகரில் தாமே மாநாடு கூட்டித் தீர்மானங்கள் இயற்றினர். இங்கிலாந்தில் கரீபியத் தீவினரின் பிள்ளைகளை அறிவு குறைந்தோர் எனத் தனிப் பள்ளிகளுக்குத் தள்ளுவதை, 1971-இல் பெர்னார்டு கோர்டு தம் சிறுநூலில் அம்பலப்படுத்தினார். பெற்றோர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை, சனிக்கிழமைப் பள்ளிகளைத் தாமே நடத்தினர். நம் நாட்டிலும் வழிகாட்டிகள் உண்டு. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கியது யாருக்காக? வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக அன்றோ?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திண்ணை வகுப்பு அரசுப் பள்ளிக்கு மாற்றன்று. அரசுப் பள்ளி நாம் போராடிப் பெற்ற உரிமை. அதை விட்டு வெளியேறினால் மகிழ்வோர் யார் என்பதை அறியாதோர் அல்லோம். திண்ணையில் திறந்த வாய் வகுப்பறையிலும் திறக்க வேண்டும். அதற்கு மாற வேண்டியவள் அச்சிறுமி அல்லள். நான், என்போன்ற ஆசிரியர். அவள் என் வகுப்பில் பேசாத நாளெல்லாம், தேறாதவன் நானே!

படித்த இளைஞனே! பட்டம் பெற்றுப் பட்டணம் போகுமுன், உன் தெருவுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கொடு. பாடம் நடத்தாதே, கேள்வியைக் கேட்டுக்கொள். ஊமை பேசுவதற்கு முருகன் வரவேண்டியதில்லை. காது கொடுத்துக் கேட்க ஒரு மனிதன் போதும்!