கோழிக்கு ஏது சுவிட்ச்?

ஆபீஸில் யாராவது சார்ட் மாட்டி 'சப்ளை செயின்' என்று வகுப்பெடுத்தால், "ஒரு நடை நாமக்கல் போய்ட்டு வாங்க சார்" என்று சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

சரக்கு தேங்கினால் மில்லில் ஷிஃப்டைக் குறைக்கலாம். கோழிக்கு ஏது சுவிட்ச்? ஒரு முட்டை உருவாக சுமார் 25 மணி நேரம். போட்டதும் அடுத்தது ரெடியாக ஆரம்பித்துவிடும். நாள் கிழமை பார்க்காது.

இன்று வாங்கும் குஞ்சு முட்டையிட ஏறக்குறைய ஐந்து மாசம். அப்புறம் ஒரு வருஷத்துக்கு ஓயாது. சித்திரையில் குஞ்சு இறக்கினால் முதல் முட்டை கரெக்டாகப் புரட்டாசியில் வந்து நிற்கும். பாதி ஊர் நாமம் போட்டுக்கொண்டு முட்டையை ஒதுக்குகிற மாசம்! கார்த்திகையில் ஐயப்பசாமிகள் வேறு. தீனியை மட்டும் நிறுத்த முடியுமா? மக்காச்சோளமும் சோயாவும் தலைக்கு தினம் நூறு கிராமாவது வேணும். செலவில் பாதிக்கு மேல் அதுதான்.

விலையா? முன்பெல்லாம் வியாபாரி சொன்னதுதான். 1982-ல் பண்ணைக்காரர்கள் சேர்ந்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு கண்டார்கள். இப்போது அது அறிவிக்கிறது. வியாபாரி அதிலும் சில பைசா தள்ளி எடுப்பார். அதற்கு 'மைனஸ்' என்று பெயர்.

2006 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் வந்தது மகாராஷ்டிரா நவாப்பூரில். முட்டை தேங்கியது நாமக்கல்லில்.

பிரேக் ஒண்ணே ஒண்ணு இருக்கு. வயசான கோழிகளை முன்கூட்டியே கறிக்கு அனுப்பிவிடலாம். ஆனா முட்டைக்கே ஆளில்லாத புரட்டாசியில் கறிக்கு யார் வர்றாங்க?